கார் போன இடத்தில் வெந்நீர்த் தொட்டியா?

கேள்வி:

ஐயா, நாங்கள் சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன் பக்கம் வரிசைத் தரைவீட்டில் இருக்கிறோம். சென்ற ஆண்டு காரின் சிஓஇ (காரை வைத்திருக்க வாங்கும் பத்து ஆண்டு உரிமம்) முடிந்தது. இன்றைய விலைக்கு அதைப் புதுப்பிக்க மனம் வரவில்லை, காரைக் கொடுத்துவிட்டோம். இப்போது கார் போர்ச்சில் சைக்கிளும் பழைய பெட்டிகளும்தான் கிடக்கின்றன. அங்கே ஐந்து பேர் உட்காரும் ஹாட் டப் வைக்கலாம் என்று பிள்ளைகள் பிடிவாதம். அம்மாவுக்கு 76 வயது, முழங்கால் வலி. வெந்நீரில் உட்கார்ந்தால் அவருக்கும் இதமாக இருக்குமே என்று எனக்கும் ஆசை. கடைக்காரர் நேரில் வந்து பார்த்தார். "தரை தாங்கும், சாதாரண 13 ஆம்பியர் பிளக் போதும், மறைவுக்கு ஒரு ரோலர் ஷட்டர் போட்டுவிடுங்கள், வெளிநாட்டில் எல்லாரும் கராஜுக்குள்தான் வைக்கிறார்கள்" என்றார். என் மைத்துனரோ தரை பிளந்துவிடும் என்று பயமுறுத்துகிறார். தொட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர், 1,100 லிட்டர் பிடிக்கும். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

மைத்துனர் பயப்படுவது நல்லதுதான், ஆனால் அவர் பயப்படும் இடத்தில் ஆபத்து குறைவு. கடைக்காரர் சொன்ன நான்கில் ஒன்று சரி, ஒன்று பாதி சரி, இரண்டு இந்த ஊருக்குப் பொருந்தாது. தரைவீடுகளின் கட்டமைப்பு வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். ஜக்குஸி (இந்தத் தொட்டியைப் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்) வேண்டும் என்று வந்தவர்கள் பலர். வாங்கி மூன்று ஆண்டு கழித்தும் அதில் இறங்குகிறவர்கள் சிலர். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராக இருக்க வேண்டுமென்று சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எடையை முடித்துவிடுவோம். 1,100 லிட்டர் தண்ணீர் என்றால் 1,100 கிலோ. காலித் தொட்டி 250 முதல் 300 கிலோ இருக்கும். ஐந்து பேர் இறங்கினால் இன்னொரு 350 கிலோ. மொத்தம் ஒன்றே முக்கால் டன். அது 4 சதுர மீட்டரில் பரவி இறங்குவதால் சதுர மீட்டருக்கு 440 கிலோ அளவில் வரும். நீங்கள் விற்ற கார் 1,300 கிலோ இருந்திருக்கலாம். ஆனால் அந்த எடை முழுவதும் நான்கு டயர்கள் தரையைத் தொடும் நான்கு சிறு இடங்களில் இறங்கியது. பத்து ஆண்டு அதைச் சுமந்த கான்கிரீட் தரை, மண்ணின்மேல் நேராகக் கிடக்கும் தரையாக இருந்தால், இதையும் சுமக்கும். அடியில் நிலவறையோ தண்ணீர்த் தொட்டியோ மூடிய வடிகாலோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தே ஆகவேண்டும். இதைப் படிக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்காரர்களும் கொண்டோ (தனியார் அடுக்குமாடி) வீட்டுக்காரர்களும் இந்த ஆறுதலைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150, 200 கிலோ போன்ற சுமைக்குத்தான் வடிவமைக்கிறோம்.

தரை பிளக்காது, ஆனால் தாழலாம். வீடு அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது. போர்ச் தரை பெரும்பாலும் மண்மேல் படுத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து இறங்குவதில்லை. போர்ச் தரையும் வீட்டுச் சுவரும் சேரும் கோட்டைக் குனிந்து பாருங்கள். அங்கே விரல் நுழையும் இடைவெளியோ, ஒரு பக்கம் தாழ்ந்த ஓடுகளோ இருந்தால் மண் இன்னும் அமர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கார் காலையில் போய் மாலையில் வரும். தொட்டி இரவும் பகலும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும்.

சாய்வு என்று இன்னொன்று உண்டு, கடைக்காரர்கள் இதை வாயே திறப்பதில்லை. மழைத்தண்ணீர் வாசல் பக்கம் ஓட வேண்டும் என்பதற்காகப் போர்ச் தரையைச் சாய்த்துத்தான் போடுவார்கள். 80க்கு 1 சாய்வு என்றால் உங்கள் தொட்டியின் 2 மீட்டர் நீளத்துக்கு 2.5 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். தண்ணீர் பொய் சொல்லாது. ஒரு ஓரத்தில் விளிம்பைத் தொட்டு, மறு ஓரத்தில் இறங்கி நிற்கும். அதைச் சரிக்கட்ட மூலைக்கு மூலை மரத்துண்டு செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அடிப்பக்கம் அந்தரத்தில் தொங்கும், சில மாதங்களில் தொட்டியின் ஓடு விரிசல் விடும், உத்தரவாதமும் போகும். செய்ய வேண்டியது மட்டமான கான்கிரீட் மேடை. 2.2 மீட்டர் சதுரத்தில் 10 சென்டிமீட்டர் கனமாகப் போட்டால் மேடை மட்டும் 1,100 கிலோவுக்கு மேல் வரும். மேடையே இன்னொரு சின்ன கார். எடைக் கணக்கில் இதையும் சேர்த்துதான் முடிவெடுக்க வேண்டும். மேடை போட்டதால் மழைத்தண்ணீரின் வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

இனி, தரைக்கு மேல் இருப்பதைவிட முக்கியமானது, தரைக்குக் கீழ் இருப்பது. வரிசை வீடுகளில் கழிவுநீர் மேன்ஹோல் பல சமயம் போர்ச்சுக்குள்தான் இருக்கும், ஓடு பதித்த மூடியாக இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. வடகிழக்கில் ஒரு வீட்டில் நான் மேடைக்கு வரைபடம் கொடுத்தேன். தொட்டியை வைக்க வந்தவர்கள் "மூலையில் தள்ளினால் அழகாக இருக்கும்" என்று ஒரு மீட்டர் நகர்த்திவிட்டார்கள், நானும் போய்ப் பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் திரும்பி வந்தது. மேன்ஹோல் மூடிமேல் ஒன்றரை டன். தண்ணீரை வடித்து, ஆறு பேர் பிடித்து இழுத்து, மூடியைத் திறக்க ஒரு நாள் முழுக்கப் போனது. அந்த வீட்டு அம்மா அன்று என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதிலிருந்து, தொட்டி வைக்கும் நாளில் நானே போய் நிற்கிறேன்.

மேன்ஹோலைத் திறக்க வழி விடுவது விதிப்படியும் கட்டாயம். உங்கள் எல்லைக்குள்ளேயே பொதுக் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறதா என்பதைப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கழிவுநீர்க் குழாய் வரைபடம் வாங்கித் தெரிந்துகொள்ளலாம். வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பழைய வரைபடத்தைக் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் உரிமையாளர் என்ற முறையில் வாங்கலாம். உங்கள் பேட்டை 1950களில் உருவானது. அதற்குப் பிறகு இடித்ததும் கட்டியதும் வீட்டுக்கு வீடு வேறு. பக்கத்து வீட்டுக்காரர் வைத்துவிட்டார் என்பதை வைத்து உங்கள் தரைக்கடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஷட்டர். உண்மையைச் சொன்னால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கராஜுக்குள் ஹாட் டப் வைப்பவர்கள் உண்டு. அங்கே வெளியே பனி. திறந்தவெளியில் வைத்தால் சூடு பறந்துவிடும், இறங்கி ஏறுவதற்குள் உடம்பு விறைத்துவிடும். அதனால் நான்கு சுவருக்குள் வைக்கிறார்கள். அவர்களுக்கும் நீராவித் தொல்லை உண்டு, ஆனால் ஒரு வசதியும் உண்டு. குளிர்காலத்தில் அவர்களுடைய வெளிக்காற்றில் ஈரம் மிகக் குறைவு. ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் உள்ளே இருக்கும் ஈரக்காற்று போய், காய்ந்த காற்று வரும்.

நம் ஊரில் அந்தக் காய்ந்த காற்றுக்கு எங்கே போவது? சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் போர்ச் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டரை இறக்கினால் உள்ளே 40 கன மீட்டர் காற்று. 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத் தாங்கும். 80 விழுக்காடு ஈரப்பதத்தில் 22 கிராம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் 5 கிராமுக்குத்தான் இடம். 40 கன மீட்டருக்கும் சேர்த்து 200 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர். உங்கள் தொட்டியில் 38 டிகிரித் தண்ணீர் மூடி திறந்து கிடந்தால் மணிக்கு ஒன்றரை லிட்டர் அளவில் ஆவியாகும். பத்து நிமிடத்துக்குள் டம்ளர் நிறைந்துவிடும். பிறகு எழும் ஆவியெல்லாம் கூரையிலும் சுவரிலும் விளக்கிலும் மீட்டர் பெட்டியிலும்தான் போய் ஒட்ட வேண்டும். ஃபேன் போட்டாலும் வெளியிலிருந்து அதே 80 விழுக்காட்டுக் காற்றுதான் உள்ளே வரும், எனவே வீட்டுக் குளியலறைக்குப் போடும் சின்ன ஃபேன் இதற்கு எந்த மூலைக்கு?

முதலில் பெயின்ட் உப்பும். பிறகு கறுப்புப் பூஞ்சை. அதற்குள் தானியங்கி வாசல்கதவின் மோட்டார் துருப்பிடித்திருக்கும், ஏனென்றால் வருவது வெறும் ஈரம் இல்லை, குளோரின் கலந்த ஈரம். கடைசியாகத்தான் பெரிய செலவு வரும். மேல்மாடி அறையின் தளமே போர்ச்சின் கூரையாக இருக்கும் வீடுகளில் அந்தக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, அடிப்பக்கம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழும். பழைய வீவக வீட்டுக் குளியலறைக் கூரைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு வாளி வெந்நீரே அந்தப் பாடு படுத்தியது.

ஆகவே ஷட்டர் வேண்டாம். போர்ச்சை முழுக்க அடைத்து அறைபோல ஆக்குவது அனுமதி சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. வீட்டின் முன்னெல்லையில் விட வேண்டிய இடைவெளிக்குள் போர்ச் நீட்டிக்கொள்ள விடுவதே அது திறந்த அமைப்பு என்பதால்தான். சுவர் எழுப்ப நினைத்தால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளை ஒரு கட்டடக் கலைஞரிடம் காட்டிக் கேட்ட பிறகு எழுப்புங்கள். மறைவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இடைவெளி விட்ட அலுமினியச் சட்டத் தடுப்பு நன்றாக உழைக்கும். எனக்குப் பிடித்தது மூங்கில் தட்டிதான். பழைய பங்களாக்களின் வராந்தாவில் சுருட்டி இறக்குவார்களே, அது. காற்று போகும், கண் போகாது, கெட்டுப்போனால் மாற்றுவதும் மலிவு. குறைந்தது இரண்டு பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும்.

குளிர்நாடுகளில் எழுதிய அறிவுரை இங்கே தலைகீழாகும் இன்னோர் இடம் சூடு. அவர்களுக்குத் தண்ணீரைச் சூடாக வைத்திருப்பதுதான் பாடு. உங்களுக்கோ அதைச் சூடாகாமல் வைத்திருப்பது. நல்ல தொட்டிகளைச் சுற்றிலும் கனமான நுரை அடைத்திருப்பார்கள், பம்ப் மோட்டாரின் சூடு வீணாகாமல் தண்ணீருக்கே திரும்பும்படியும் செய்திருப்பார்கள். கனடாவில் அது வரம். வெளியே 31 டிகிரி, மேலே மூடி, உள்ளே பம்ப் ஒரு நாளைக்குச் சில மணி நேரம் தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கிறது என்றால், ஹீட்டரை அணைத்து வைத்திருந்தாலும் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். 39, 40 டிகிரியில் நின்றுகொண்டு இறங்க மறுக்கும். மதியம் மூன்று மணிக்குப் பிள்ளைகள் இறங்க வந்தால் "சுடுது" என்று ஓடிவிடுவார்கள். தொட்டி மூலையில் கிடக்கத் தொடங்குவது இப்படித்தான்.

நான் பார்த்தவரை இங்கே நீடித்துப் பயன்படுத்துகிறவர்கள் 32, 34 டிகிரியில்தான் வைத்திருக்கிறார்கள். வெறும் ஹீட்டர் மட்டும் உள்ள மாடலை விட்டுவிட்டு, சூடாக்கவும் குளிராக்கவும் கூடிய ஹீட் பம்ப் இணைக்க முடிந்த மாடலைக் கேளுங்கள். விலை கூடும், ஆனால் அது இல்லாமல் இந்தத் தட்பவெப்பத்தில் எட்டு மாதம் அதைத் தொடமாட்டீர்கள். வடிகட்டும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றி வையுங்கள். பெரிய பம்ப்பையே மெதுவாக ஓட்டி வடிகட்டும் மாடலைவிட, வடிகட்ட மட்டும் தனியாக ஒரு சின்ன பம்ப் உள்ளது சூட்டையும் சத்தத்தையும் குறைக்கும். சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது, மேடையைப் பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு உங்கள் பம்ப் அவர் படுக்கைத் தலைமாட்டில் உறுமும். ஒரு கை அகலம் இடைவெளியும், தொட்டிக்கடியில் ரப்பர் விரிப்பும் போதும். பம்ப் உள்ள பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவு, 60 சென்டிமீட்டராவது விடுங்கள்.

மின்சாரம். 13 ஆம்பியர் பிளக்கில் ஓடும் தொட்டிகள் உண்டு, அந்த மட்டில் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் என்றால் 3 கிலோவாட்கூட இல்லை. அதனால் அந்த மாடல்களில் பம்ப் வேகமாக ஓடும்போது ஹீட்டர் நின்றுவிடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது, ஈரமான போர்ச்சில், வாசல்மணிக்குப் போட்ட பழைய சாக்கெட்டில், மணிக்கணக்காகப் பெருஞ்சுமை ஏற்றுவது. பிளக் பழுப்பாகி உருகுவதை எத்தனையோ வீட்டில் பார்த்தாயிற்று. எந்த மாடலாக இருந்தாலும் மின்பெட்டியிலிருந்து தனி இணைப்பு, அதற்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் தானே துண்டிக்கும் சாதனம்), தொட்டிக்குள் இருந்துகொண்டு கை எட்டாத தூரத்தில், 2 மீட்டருக்கு அப்பால், ஒரு துண்டிப்பு சுவிட்ச். இதை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். புதுப்பிப்புக் குத்தகைக்காரரின் தம்பி செய்யக்கூடாது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடு என்றால் ஆர்சிசிபி இருக்கிறதா என்று இன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள். அத்தகைய வீடுகளும் அதைப் பொருத்த 2025 ஜூலை 1 வரைதான் அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

நாளைக்கு மனம் மாறி மின்சாரக் கார் வாங்கினால்? மின்னூட்டிக்கும் அதே போர்ச், அதே மின்பெட்டி. 7.4 கிலோவாட் மின்னூட்டி ஒன்றே 32 ஆம்பியர் கேட்கும். அதோடு 32 ஆம்பியர் இழுக்கும் பெரிய மாடல் தொட்டி, நான்கு ஏர்கான், குளியலறை ஹீட்டர் எல்லாம் ஒன்றாக ஓடினால் வீட்டுக்கு வரும் இணைப்பே போதாமல் போகலாம். மின்பணியாளரிடம் இதையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, இணையத்தில் மலிவாக வரும் அமெரிக்கத் தொட்டிகள். அவற்றின் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, நம்முடையது 50. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும், நீரின் வீச்சு குறையும், சூடேறும், சீக்கிரம் போகும்.

தண்ணீரை எங்கே விடுவது என்று உங்கள் கடிதத்தில் இல்லை, கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை 1,100 லிட்டரையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். வாசலுக்கு முன்னால் இருக்கும் சாக்கடைக்குள் குழாயை நீட்டிவிடாதீர்கள். நம் ஊரில் மழைநீர் போகும் வழி வேறு, கழிவுநீர் போகும் வழி வேறு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. வாசல் சாக்கடையில் விடுவது நீர்த்தேக்கத்துக்குப் போய், சுற்றிக்கொண்டு நம் குழாய்க்கே வருகிறது. குளோரின் தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குத்தான் போக வேண்டும். அதற்காகப் போர்ச்சில் ஒரு துளை போட்டால் மழைத்தண்ணீரும் அதற்குள் இறங்கும், அதுவும் கூடாது. கூரைக்குக் கீழே, சுற்றிலும் சிறு கரை கட்டி, உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரைக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. அல்லது நீளமான ஹோஸ் ஒன்றைப் பின்கட்டுக் குளியலறை வரை இழுங்கள். நான் முதலில் கேட்பது இதைத்தான்: பின்கட்டு வரை ஹோஸ் எட்டுமா?

செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 1,100 லிட்டருக்குத் தண்ணீர்க் கட்டணம் நான்கு வெள்ளிக்குள் முடியும். 28 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏற்ற 13 யூனிட் மின்சாரம், 30 காசு என்று வைத்தால் நான்கு வெள்ளி. 2 கிலோவாட் ஹீட்டர் அதற்கு ஆறரை மணி நேரம் எடுக்கும், ஆகவே திடீரென்று முடிவு செய்து அன்று மாலையே இறங்க முடியாது. பணம் போவது வாங்குவதிலும் மேடையிலும் மின்வேலையிலும்தான். சில ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் ஊறிக் கனத்துப்போன மூடியை மாற்றுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூடியின் மடிப்பில் மழைத்தண்ணீர் தேங்கும், கொசு அங்கேதான் முட்டையிடும். சுற்றுப்புற வாரியத்து அதிகாரி வந்தால் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

தண்ணீர்ப் பராமரிப்பை யார் செய்யப் போகிறார்கள் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். பணிப்பெண் தலையில் கட்டிவிடலாம் என்று நினைத்தால் வாங்கவே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் கிருமிகளுக்கு மாமியார் வீடு. குளோரின் குறைந்தால் சூடோமோனாஸ் என்னும் கிருமி உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பை உண்டாக்கும். லெஜியோனெல்லா அதைவிட மோசம், குமிழியிலிருந்து எழும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா கொடுக்கும், அதற்கு முதலில் பலியாவது வயதானவர்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாத குளோரின், 7.0 முதல் 7.8க்குள் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு). இறங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். எண்ணெய்க் குளியல் நாளில் தொட்டிப்பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவையுங்கள். நல்லெண்ணெய் வடிகட்டியை அடைத்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

பிள்ளைகளுக்காக ஒரு விஷயம். 2002இல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி ஒரு ஹாட் டப்பில் இறந்தாள். தண்ணீரை உறிஞ்சும் துளையின் இழுப்பில் சிக்கிக்கொண்ட அவளை விடுவிக்க முடியவில்லை. 2007இல் அவள் பெயரிலேயே அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. உறிஞ்சும் துளைகளுக்குப் பாதுகாப்பு மூடிகள் வேண்டும் என்று வந்த சட்டம் அது. உங்கள் தொட்டியில் உறிஞ்சும் துளை எத்தனை, மூடி எப்படி இருக்கிறது என்று கடையிலேயே கையை விட்டுப் பாருங்கள். நீளமான கூந்தல் உள்ள பெண்பிள்ளை கொண்டை போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் அவருக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நான் வேண்டாம் என்பேன். ஜக்குஸி என்னும் பெயரே ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போன சகோதரர்கள், பம்ப் செய்து விற்றவர்கள். அவர்களில் ஒருவரின் மகனுக்குச் சிறு வயதிலேயே மூட்டுவாதம். அவனுக்காகக் குளியல் தொட்டிக்குள் வைக்கும் ஒரு பம்ப்பைச் செய்தார்கள், அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஆக, மூட்டுவலிக்கு வெதுவெதுப்பான நீர் இதம் என்று நீங்கள் நினைப்பது சரி. ஆனால் உங்கள் தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 85, 90 சென்டிமீட்டர் உயரம். வலிக்கும் முழங்காலோடு அதைத் தாண்டி ஏற வேண்டும், பிறகு ஈரக் காலோடு இறங்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், எழுந்திருக்கும்போது தலை சுற்றும். நீரிழிவால் பாதம் மரத்தவர் என்றால் சூடு எவ்வளவு என்றே தெரியாது. இரு பக்கமும் கைப்பிடி உள்ள படி, அவரோடு எப்போதும் இன்னொருவர், 38 டிகிரிக்கு மிகாத தண்ணீர், அதிகம் போனால் 15 நிமிடம். இவ்வளவும் இருந்தாலும் முதலில் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைச் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். 2020இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஊற்றில் 70 டிகிரியில் வரும் தண்ணீரைப் படிப்படியாக ஆறவிட்டு, உட்கார்ந்து கால் நனைக்க வசதி செய்திருக்கிறார்கள். காசு எதுவும் கேட்பதில்லை. முட்டை கொண்டுபோனால் பிள்ளைகள் அங்கேயே அவித்துத் தின்னலாம். அம்மா அரை மணி நேரம் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டு "நல்லா இருக்கு" என்கிறாரா, "போதும், வீட்டுக்குப் போவோம்" என்கிறாரா என்று பாருங்கள்.

பிள்ளைகளுக்காகவும் உங்களுக்காகவும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் போர்ச்சில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள். அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, மேன்ஹோல் மூடி எங்கே என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் மூன்றை எழுதி வாங்குங்கள்: மோட்டார் 50 ஹெர்ட்ஸ், குளிராக்கும் ஹீட் பம்ப் இணைக்கலாம், பழுதுபார்க்கும் பக்கம் எது. ஐந்து பேர் தொட்டிக்குப் பதில் மூன்று பேர் தொட்டி போதுமா என்றும் வீட்டில் கேளுங்கள். உங்கள் வீட்டில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதே வாரத்துக்கு எத்தனை நாள்?